சிராங்கூன் ரோட்டில் மூன்று நாள் எங்கள் வீடு

சிங்கப்பூர் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி விமான டிக்கெட்டைப் பற்றியது இல்லை. "அங்க சொந்தக்காரங்க இருக்காங்களே, ஹோட்டல்ல தங்கினா தப்பா நெனைப்பாங்களா?" என்பதுதான். நினைப்பார்கள். கட்டாயம் நினைப்பார்கள். இருந்தாலும் ஹோட்டலில் தங்குங்கள் என்றுதான் சொல்வேன். அதை எப்படிச் செய்வது என்பதற்காக இந்தப் பதிவு.

நாங்கள் போனது எண்பத்தெட்டில். என் கணவர் சேகர் அப்போது திருச்சியில் பம்புசெட் வியாபாரம். அந்த வருடம் நன்றாக விற்றதற்காக கம்பெனிக்காரர்கள் இரண்டு பேருக்குச் சிங்கப்பூர் டிக்கெட்டும் மூன்று இரவு அறை வாடகையும் கொடுத்தார்கள். அறை வாடகை என்ற வார்த்தையைக் கேட்டதும் நான் மனதுக்குள் ஆடியே விட்டேன்.

காரணம் இருக்கிறது. கல்யாணமாகி மூன்று வருடம், உறையூரில் கூட்டுக் குடும்பம். எங்களுக்கென்று கொடுத்த அறையில்தான் அரிசி மூட்டையும் புளிப் பானையும் இருந்தன. கதவில் தாழ்ப்பாள் கிடையாது. விடியற்காலை ஐந்து மணிக்கு யாராவது ஒருவர் "புளி எடுத்துக்கிறேம்மா" என்று உள்ளே வந்துவிடுவார்கள். "விசேஷம் உண்டா?" என்று என்னிடம் கேட்காத ஆள் அந்தத் தெருவில் இல்லை. கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டுத் தரத்தான் ஆள் இல்லை.

சிக்கல் என்னவென்றால் சேகரின் அக்கா அங்கே ஆங் மோ கியோ என்ற பகுதியில் இருந்தார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். சேகரைத் தூக்கி வளர்த்தவர். சிங்கப்பூர்க்காரர்கள் மாதிரி பேச்சுக் கடைசியில் 'லா' சேர்ப்பார். அவர் வீட்டை விட்டுவிட்டு ஹோட்டலில் தங்குவதா என்று சேகருக்குக் கை கால் உதறல். "நீங்களே பக்குவமா எழுதிருங்க" என்று சொல்லியிருந்தேன். எழுதிவிட்டேன் என்றார். எழுதவில்லை என்பது சாங்கி விமான நிலையத்தில்தான் தெரிந்தது.

சென்னையிலிருந்து நான்கு மணி நேரப் பயணம். அங்கே காலை ஏழரைக்கு வெளியே வந்தால், அண்ணி பட்டுப்புடவையில், கையில் மல்லிகைப் பூவோடு, கணவர், இரண்டு பிள்ளைகள் சகிதம் நிற்கிறார்! சேகர் மென்று விழுங்கி ஹோட்டல் விஷயத்தைச் சொன்னார். அண்ணி முகம் அப்படியே சுண்டிப் போனது.

"ஹோட்டலா? உங்களுக்குன்னு புது மெத்தை வாங்கிப் போட்டிருக்கேன் லா. ஹால்ல ஸ்க்ரீன்கூட மாட்டியாச்சு."

மெத்தை, ஹாலில். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணியின் கணவர் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துப் போனார். அண்ணி மட்டும், "அப்படி என்ன ஹோட்டல்னு நானும் பாக்குறேன்" என்று எங்கள் டாக்சியில் ஏறிக்கொண்டார். ஏறக்குறைய இருபது கிலோமீட்டர், பதினாலு வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். வழி முழுக்க அண்ணி முகத்தைச் சன்னல் பக்கமே வைத்துக்கொண்டு வந்தார். டாக்சி ஓட்டிய மலாய்க்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார். நல்ல மனிதர்.

ஹோட்டலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்று பூட்டிக் ஹோட்டல் என்று பெரிய பெயர் வைத்து ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்களே, அந்த மாதிரி. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த பழைய கடைவீடு ஒன்றை எடுத்துச் செப்பனிட்டிருந்தார்கள். மொத்தம் பன்னிரண்டு அறைகள். தரையில் பூப்போட்ட ஓடு, பச்சை மரச் சன்னல்கள், நடு முற்றத்தில் வெளிச்சம் விழும்படி திறந்த கூரை. எங்கள் அறை எண் ஆறு, மாடியில். வெள்ளை விரிப்பு போட்ட கட்டில், பிரம்பு நாற்காலி, திருகினால் வெந்நீர் வரும் குழாய். சன்னலைத் திறந்தால் கீழே பூக்கடை, எதிரே மசாலா அரைக்கும் மில். ஏ.சி. போட்ட அறைக்குள்ளும் கொத்தமல்லி வறுக்கும் வாசனை வந்தது. கதவில் பித்தளைத் தாழ்ப்பாள், என் உள்ளங்கை நீளத்துக்கு.

நான் ஒரு கிளாஸில் தண்ணீர் ஊற்றி அண்ணியிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"தண்ணி வேணாம். இது என்ன என் தம்பி வீடா? ஹோட்டல்தானே." அவ்வளவுதான், படியிறங்கிப் போய்விட்டார்.

நம் ஊரில் ஒருவர் கை நனைக்க மறுத்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சேகர் அன்று பகல் முழுக்கச் சாப்பிடவில்லை. ராத்திரி கட்டிலில் மல்லாந்து படுத்து மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இனிமே அக்கா நம்ம வீட்டு வாசப்படி மிதிக்காது விஜயா" என்றார். தாழ்ப்பாள் என்னவோ போட்டிருந்தது. ஆனால் அண்ணி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் படுத்திருந்த மாதிரி இருந்தது. மூன்று வருடம் கழித்துக் கிடைத்த முதல் இரவு இப்படிப் போயிற்றே என்று எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.

காலையில் பல் தேய்க்கும்போதுதான் அண்ணி சொன்னது மறுபடி மனதில் ஓடியது. தம்பி வீடாக இருந்தால் குடித்திருப்பார். சரி, வாடகை கட்டியிருக்கிறோம், சாவி நம் கையில் இருக்கிறது. மூன்று நாளைக்கு இது நம் வீடு இல்லாமல் யார் வீடு?

கீழே போய் வெற்றிலை, பாக்கு, பழம், இரண்டு முழம் பூ, குங்குமம் எல்லாம் வாங்கினேன். கடைக்காரர் "கோயிலுக்காம்மா?" என்றார். "இல்லைங்க, நாத்தனார் வீட்டுக்கு" என்றேன். "அப்ப இன்னும் ரெண்டு பழம் சேத்து வாங்கிக்குங்க" என்றார். சேகரை இழுத்துக்கொண்டு பேருந்தில் நாற்பது நிமிடம், ஆங் மோ கியோ.

ஐந்தாவது மாடி. அண்ணி கதவைத் திறந்தார். ஹாலில் அந்தப் புது மெத்தை, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் சுவரில் சாய்ந்து நின்றது. அதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. பக்கத்திலேயே பாயில் அண்ணியின் மாமியார் தூங்கிக்கொண்டிருந்தார். நான் அண்ணியை நேராகச் சமையலறைக்கு அழைத்துப் போய் நெற்றியில் குங்குமம் வைத்து, அங்கிருந்த ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ வைத்து நீட்டினேன்.

"அண்ணி, இன்னைக்கு ராத்திரி நம்ம வீட்டுக்கு எல்லாரும் சாப்பிட வரணும்."

"எந்த வீடு?"

"ரூம் நம்பர் ஆறு. உங்களை எதுத்துப் பண்ணலைண்ணி. மூணு வருஷமா அந்தப் புளிப் பானை ரூம்ல கெடக்கேன், கதவுக்குத் தாழ்ப்பாள்கூட இல்ல. மூணே மூணு நாள், ஒரு கதவைச் சாத்திட்டு இருக்கணும்னு ஆசைப்பட்டேன். வேற ஒண்ணுமில்ல."

அண்ணி தட்டை வாங்கவும் இல்லை, வேண்டாம் என்று தள்ளவும் இல்லை. அந்த உறையூர் வீட்டில் பிறந்து வளர்ந்தவர் அல்லவா.

"புளிப் பானை இன்னும் அங்கதான் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். பிறகு தட்டை வாங்கி அடுப்பு மேடையில் வைத்தார். வருகிறேன் என்று சொல்லவில்லை.

சாயங்காலம் சிராங்கூன் ரோட்டில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் ஆறு பேருக்குக் கட்டிக்கொடுக்கச் சொன்னேன். சாதம், மீன் குழம்பு, கோழி வறுவல், ரசம், அப்பளம் எல்லாம் சேர்த்து முப்பது வெள்ளி. ஹோட்டல் வரவேற்பில் இருந்த சீனப் பெண்மணிக்குக் கொஞ்சம் தமிழ் வரும். அறைக்குள் விருந்து வைக்கலாமா என்று கேட்டதற்கு, "டுரியான் பழம் மட்டும் வேணாம், நாறும்" என்று சொல்லி, தரையில் விரிக்கப் பழைய செய்தித்தாளும் கொடுத்தார். பிரம்பு நாற்காலியைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டு இலைகளை விரித்தோம்.

ஏழு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். ஏழரை ஆயிற்று. சேகர் சன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். ஏழே முக்காலுக்குப் படியில் பிள்ளைகள் ஓடிவரும் சத்தம். பின்னாலேயே கணவரோடு அண்ணி, நான் கொடுத்த பூவைத் தலையில் வைத்துக்கொண்டு. எனக்குப் போன உயிர் வந்தது.

"வாங்கண்ணி" என்று தண்ணீர் நீட்டினேன். ஒரே மடக்கில் குடித்தார். நெருக்கி உட்கார்ந்து ஒருவர் முட்டி ஒருவர் மேல் இடிக்கச் சாப்பிட்டோம். பிள்ளைகள் வெந்நீர்க் குழாயை விட்டு வரவே இல்லை. அண்ணி கை கழுவிவிட்டுக் கதவருகே போய், தாழ்ப்பாளை ஒரு தடவை போட்டு, எடுத்து, மறுபடி போட்டுப் பார்த்தார்.

"நல்லா விழுது" என்றார். பிறகு என் காதருகே, "எனக்குக் கல்யாணமாகி பதினோரு வருஷம் லா. ஹால்ல மாமியார், ரூம்ல புள்ளைங்க. யார்கிட்ட சொல்ல?"

கிளம்பும்போது தம்பியின் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தார். "மாங்கா மடையா, லெட்டர்ல எழுதித் தொலைச்சிருக்கலாம்ல?" வாசலில் நின்று திரும்பிப் பார்த்து, "நாங்க போறோம். கதவைச் சாத்திக்கோங்க" என்றார். சாத்திக்கொண்டோம்.

மறுநாள் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில், புதிதாக ஓட ஆரம்பித்திருந்த எம்.ஆர்.டி. ரயிலில் ஒரு சவாரி, ராத்திரி நடைபாதைக் கடையில் ரொட்டி பராட்டா. எல்லாமே ருசித்தது. மனம் நிறைந்திருந்தால் எது ருசிக்காது? அடுத்த வருடம் என் மகள் பிறந்தாள். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சிராங்கூன் ரோடு இருக்கும் லிட்டில் இந்தியாவிலேயே தங்குங்கள்; இப்போது எம்.ஆர்.டி. நிலையமே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டத்தில் நகர முடியாது, வாங்க வேண்டியதைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். சொந்தக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், சொல்லும் வேலையைக் கணவரிடம் விடாதீர்கள். போன அன்றே அவர்களை உங்கள் அறைக்கு முறையாக அழைத்துச் சாப்பாடு போடுங்கள்.

அண்ணி நாலைந்து வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகத் திருச்சி வந்தார். அதற்குள் எங்களுக்குத் தனி வீடு. மாடி அறையை அவருக்கென்றே வெள்ளையடித்து, புது மெத்தை போட்டு வைத்திருந்தேன். காலையில் ஆட்டோவில் வந்து இறங்கினார். பெட்டி இல்லை. கையில் தாம்பூலத் தட்டு.

"விஜயா, நாளைக்கு மத்தியானம் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வந்துருங்க. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம், ரூம் நம்பர் பதினாலு."

எனக்கு வயிறு எரிந்தது. சத்தியமாக எரிந்தது. மெத்தைக்கு உறை தைக்கவே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பின்னால் ஆட்டோவில் அவர் கணவர் வெட்கப்பட்டுக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் தட்டை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் போய் வயிறாரச் சாப்பிட்டோம். கிளம்பும்போது நானே கதவை இழுத்துச் சாத்தினேன். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் படியிறங்கினேன்.