ஒரு சிட்டிகை பெருங்காயம்

போன ஞாயிற்றுக்கிழமை பட்டாபிராமில் என் அக்கா மகளுக்கு வளைகாப்பு. புதுப்புடவை சரசரக்கப் போனவள், மத்தியானம் ஆட்டோவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பருத்திப்பட்டுக்குத் திரும்பி வந்தேன். சி.டி.எச். ரோட்டில் எத்தனை பள்ளம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் என் குடலுக்குத் தெரிந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடினேன். அதற்குமேல் விவரம் வேண்டாம்... இந்தப் பக்கத்தை டிபன் தட்டோடு படிக்கிறவர்கள் இருக்கிறீர்கள்.

அப்படி என்னதான் சாப்பிட்டேன்? புளிசாதமும் எலுமிச்சை சாதமும். அவ்வளவுதான்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. எனக்கு சீலியாக் என்று ஒரு நோய். கோதுமை, மைதா, ரவை, பார்லி — இவற்றில் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் என் உடம்பே என் குடலை அரிக்க ஆரம்பித்துவிடும். பல வருடமாக கேஸ், அல்சர், டென்ஷன் என்று ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். நான் துரும்பாக இளைத்த பிறகு, போன வருடம் ஒரு டாக்டர் டியூப் விட்டுப் பார்த்து, சதை எடுத்து டெஸ்ட் பண்ணி, சரியான பெயரைச் சொன்னார். குடல் புண்ணாகிக் கிடப்பதால் பாலும் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் பால், தயிர், மோர், நெய் எல்லாமே கட்.

இதற்கு மாத்திரை கிடையாது. வாயைக் கட்டுவதுதான் வைத்தியம். கட்டினேன். எடை ஏறியது, முடி கொட்டுவது நின்றது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது நின்றது. பிழைத்துவிட்டேன் என்றே சொல்லலாம்.

ஆனால் சொந்தக்காரர்களிடமிருந்து பிழைப்பது எப்படி?

சர்க்கரை வியாதிக்கு நம் ஊரில் ஒரு கௌரவம் உண்டு. 'எனக்கு சுகர்' என்று சொன்னால் போதும், அடுத்த நிமிஷம் சர்க்கரை போடாத காபி வந்துவிடும். நான் 'கோதுமை ஆகாது' என்றால்? "அதெப்படி, சுகருக்கே சப்பாத்திதான சாப்பிடச் சொல்றாங்க!" என்று என்னைத் திருத்துகிறார்கள். நான் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது பார்க்க வந்தவர்கள் வாங்கி வந்தது என்ன தெரியுமா? பிரெட், ரஸ்க், பாலில் கலக்கிக் குடிக்கிற பார்லி மால்ட் பவுடர். என்னைக் கொல்லத் திட்டம் போட்டு வாங்கியிருந்தால்கூட இவ்வளவு சரியாக வாங்கியிருக்க முடியாது.

இன்னொன்று. நம் ஊரில் பந்தியில் உட்கார்ந்து 'வேண்டாம்' என்று சொன்னால், 'இன்னும் இரண்டு தடவை கேளுங்கள்' என்று அர்த்தம். மூன்றாவது தடவையும் வேண்டாம் என்றால் திமிர் என்று அர்த்தம்.

இந்தக் கூட்டத்தில் என் அக்காவை மட்டும் நான் சேர்க்கவில்லை.

அக்கா என்னைவிடப் பல வயது மூத்தவள். அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் வேலைக்குப் போன காலத்தில், எனக்குச் சோறு பிசைந்து ஊட்டியவள் அவள்தான். என் பிரசவத்துக்குப் பத்தியச் சாப்பாடும் அவள் கைதான். எந்த வீட்டில் சாப்பிடப் பயந்தாலும் அவள் வீட்டில் பயமில்லாமல் சாப்பிடலாம் என்று நம்பியிருந்தேன்.

வளைகாப்புக்கு எங்கள் பக்கம் ஏழு வகைச் சாதம் செய்வோம். எல்லாம் அரிசிதான். தயிர் சாதத்தையும் நெய் விட்ட சர்க்கரைப் பொங்கலையும் ஒதுக்கிவிட்டால் எனக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. ஒரே ஒரு வில்லன் உண்டு — பெருங்காயம். சுத்தப் பெருங்காயத்தின் வீரியத்தை யாராலும் தாங்க முடியாது என்பதால் ஏதாவது மாவு கலந்துதான் விற்கிறார்கள். பல டப்பாக்களில் அந்த மாவு மைதா. சாம்பார், ரசம், புளிக்காய்ச்சல் என்று ஒவ்வொன்றிலும் அதைப் போட்டுவிட்டு, 'நாங்க கோதுமையே தொடுறதில்ல' என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடியவர்கள் நாம் மட்டும்தான். நானே சில மாதம் அப்படித்தான் ஏமாந்தேன். பிறகு அரிசி மாவு கலந்த பெருங்காயத்தைத் தேடிப் பிடித்தேன். வளைகாப்புக்கு முந்தின வாரமே அக்காவுக்கும் ஒரு டப்பா கொண்டுபோய்க் கொடுத்து, விவரமும் சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றைக்கு இலையில் உட்கார்ந்ததும் அக்கா ஓடி வந்தாள்.

"மத்ததெல்லாம் சமையக்காரன் கையி. புளிசாதமும் லெமன் சாதமும் மட்டும் உனக்கோசரம் நானே கெளறிகீறேன். தைரியமா துன்னு."

"பெருங்காயம்...?"

"நீ குட்த்ததுதான்டி போட்டுகீறேன். சும்மா துன்னுடி, ஆயிரம் கேள்வி கேட்டுகினு!"

சாப்பிட்டேன். ருசித்துச் சாப்பிட்டேன். அக்கா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் வயிறு முறுக்கத் தொடங்கியது. அக்கா மகள் கை நிறைய வளையலோடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்த இடத்தில் நான் சுருண்டு விழுந்தால் நன்றாகவா இருக்கும்? தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டில் நான் பட்ட பாட்டைப் பார்த்து என் வீட்டுக்காரர் போனை எடுத்தார். "உங்க அக்காகிட்ட சொல்லியே ஆவணும்" என்றார். நான்தான் கையைப் பிடித்துத் தடுத்தேன். விசேஷ வீடு. பாவம், எனக்கென்று தனியாகச் செய்தவள். ஏதோ கரண்டி மாறியிருக்கும். தெரிந்தால் துடித்துப்போவாள்.

மறுநாள் காலையில் அக்காவே போன் பண்ணினாள். எனக்கு எழுந்து உட்காரத் தெம்பில்லை.

"இன்னாடி, தலவலி போச்சா? ஒடம்பு எப்டி கீது?"

"நல்லாதான் கீறேங்க்கா."

"வயிறு?"

"அதுக்கின்னா... நல்லாதான் கீது."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "பாத்தியா! நான் சொன்னேன்ல! நீ குட்த்த டப்பாவ நான் பிரிக்கவே இல்ல. எப்பவும் போட்ற நம்ம பெருங்காயம்தான் ரெண்டு சாதத்துலயும் போட்டேன். இன்னா ஆயிப் போச்சு? ஒண்ணும் ஆவல இல்ல? எல்லாம் உன் மனசுலதான்டி கீது. வந்தவங்க அல்லாருகிட்டயும் சொல்ட்டேன், என் தங்கச்சிக்கு ஒரு நோவும் இல்லன்னு!"

மெதுவாகச் சொன்னேன். ஆட்டோவில் வந்ததைச் சொன்னேன், ராத்திரி பட்டதைச் சொன்னேன், இன்னும் படுக்கையில்தான் இருக்கிறேன் என்று சொன்னேன்.

"தோ பார்றா! இப்பதான நல்லா கீறேன்ன? நான் பெருங்காயத்த சொன்னதும் ஒடனே நோவு வந்துச்சா?"

அவள் மனம் நோகக்கூடாது என்று நான் சொன்ன பொய்யைத்தான் அவள் சாட்சியாக எடுத்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னபோது நான் பொய்க்காரி ஆகிவிட்டேன். அன்றைக்கே நடுக்கூடத்தில், சந்தனக் கிண்ணத்துக்கும் வளையல் தட்டுக்கும் நடுவில் வாந்தி எடுத்திருக்க வேண்டும். அப்போது நம்பியிருப்பார்கள்.

அடுத்து அவள் அழ ஆரம்பித்தாள். "ஊட்டி வளர்த்த கையிடி இது... நான் போட்டா உனக்கு வெசமா?"

ஒரு சிட்டிகைதான். அவளுக்கு அது பாசத்தின் கணக்கு, எனக்கு அது குடலின் கணக்கு. எனக்கு வருத்தம் அவள் பெருங்காயம் போட்டதில்கூட இல்லை. தெரியாமல் போட்டிருந்தால் சிரித்துக்கொண்டே மன்னித்திருப்பேன். தெரிந்து போட்டுவிட்டு, பக்கத்தில் நின்று, நான் சாப்பிடுவதை வேடிக்கை பார்த்தாளே... அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அன்பாக இருக்கிறவர்கள் நம்மைச் சோதித்துப் பார்க்க மாட்டார்கள் என்று இந்த வயது வரை நம்பியிருக்கிறேன் பாருங்கள்!

கடைசியில் அந்த போனில் மன்னிப்புக் கேட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். அழுகிறவளை எப்படி அப்படியே விடுவது?

குழந்தை பிறந்து பேர் வைக்கிற அன்றைக்கு பட்டாபிராம் போவேன். குழந்தையை மடியில் வாங்கிக் கொஞ்சுவேன். அக்கா இலை போட்டுக் கூப்பிடுவாள்.

இனிமேல் அக்கா வீட்டில் எனக்குப் பசிக்காது.