பழைய சாம்பியனும் பள்ளிக்கூட வானும்

இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு டிரைவரின் சீட்டைப் பறித்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. யாழ்ப்பாணத்து அரியாலையில், என் வீட்டு ஹோலில், கையில் பருத்தித்துறை வடையோடு ஃபார்முலா வன் பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்த விபத்து அது.

எங்கள் வீட்டில் கார்ப் பந்தயம் பார்க்கும் கூட்டம் மூன்று பேர்தான். நான், மருந்துக்கடை வைத்திருக்கும் ஜெயந்தன், பள்ளிக்கூட வான் ஓட்டும் குணம் அண்ணை. எனக்கும் ஜெயந்தனுக்கும் ஆளுக்கொரு ஸ்கூட்டர்தான். ஆனாலும் உலகத்தின் அதிவேகக் கார்களை எப்படி ஓட்ட வேண்டும் என்பதில் எங்களுக்கு இருக்கும் தெளிவு, பாவம், அந்த டீம்களுக்கே இல்லை.

குணம் அண்ணைக்கு அறுபத்திரண்டு வயது. என் மகள் அவருடைய வானில்தான் போகிறாள். எங்கள் ஒழுங்கையில் இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தாலே ஒன்று இறங்கி நிற்க வேண்டும். அதற்குள் ரிவர்ஸிலேயே வந்து, கேற்றடியில் நிறுத்தி, பிள்ளையை ஏற்றிக்கொண்டு போவார். மதிலில் ஒரு கீறல் விழாது.

அன்று சனிக்கிழமை, தகுதிச் சுற்று. விதி தெரியாதவர்களுக்காக — மூன்று கட்டம். முதல் இரண்டிலும் வேகம் போதாதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மிஞ்சிய பத்துப் பேர் முதல் இடத்துக்கு மோதுவார்கள். ஜெயந்தனுக்கு இந்த விதியைக் கண்டாலே ஆகாது.

"ஒருத்தன் சுழண்டு போய் நிண்டா மஞ்சள் கொடி காட்டுறாங்கள். பின்னால நல்லா ஓடி வாறவன்ரை சுத்தும் பாழாப் போகுது. உது என்ன ஞாயம்? ஒவ்வொருத்தரா ஓட விடோணும்" என்றான்.

அப்படியே பேச்சு அடுத்த வருடத்து சீட்டுகளுக்குத் தாவியது. ஒரு பழைய சாம்பியன் இருக்கிறார். பெயர் சொல்லமாட்டேன், அவருடைய ரசிகர்களும் இந்தப் பத்தியைப் படிக்கிறார்கள். குணம் அண்ணைக்கு அவர் என்றால் உயிர். இந்த வருடம் கார் அவருடைய சொல்வழி கேட்கவில்லை. நான் விடுவேனா?

"வயசு போனா மரியாதையாச் சீட்டை விடோணும். பிந்திப் பிந்தி வந்தா ஆர் வைச்சிருப்பினம்? இளம் பெடியள் வரிசையில நிக்கிறாங்கள். முகத்துக்கு நேர சொல்ல டீமுக்கு வெக்கம். அவராத்தான் விளங்கிக்கொள்ளோணும்."

வழக்கமாக இதற்குக் குணம் அண்ணை என் மேல் பாய்வார். அன்று பாயவில்லை. பால் விடாத பிளேன்ரீயைப் பாதியில் வைத்துவிட்டு, "சரி தம்பி, வாறன்" என்று எழுந்து போனார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக விவாதத்தில் ஜெயித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன்... இதைவிடப் பெரிய மடையன் இருக்க முடியுமா?

ஞாயிறு காலை போன் வந்தது. "தம்பி, நாளையில இருந்து என்ரை வானை உரும்பிராய்ப் பெடியன் ஒருத்தன் கொண்டு வருவான். நல்லா ஓடுவான். பிடிக்காட்டி வேற வான் பாருங்கோ." இதுவரை என்னை 'நீ' என்று மட்டுமே சொன்ன மனிதர் 'பாருங்கோ' என்கிறார்.

மனைவிதான் விளக்கினாள். "அண்ணை போன கிழமை மூண்டு நாள் காலமை பிந்தி வந்தவர். வான் பட்டரி பழுதாம். அந்த மனுசனை முன்னால வைச்சுக்கொண்டு, பிந்தி வாறவர் சீட்டை விடோணும் எண்டு சொல்லியிருக்கிறியள்."

"நான் காரோட்டக்காரனைத்தான் சொன்னனான்."

"ஆர் நம்புவினம்?"

அதுதானே. எங்கள் ஊரில் யார் எதை நேரே சொல்கிறார்கள்? சம்பந்தம் பிடிக்கவில்லை என்றால் சாதகம் பொருந்தவில்லை என்போம். வந்தவர் எழும்பிப் போகாவிட்டால், "நேரத்தோட படு" என்று பிள்ளையை அதட்டுவோம். இப்படிச் சாடையிலேயே வாழ்ந்த மனிதர், என் பேச்சில் தன்னைத் தேடாமல் வேறு யாரைத் தேடுவார்? சரி, "அண்ணை, நான் உங்களைச் சொல்லேல்லை" என்று போய்ச் சொல்லலாமா? சொன்னால், அவரைத்தான் சொன்னேன் என்பது உறுதியாகிவிடும்.

திங்கட்கிழமை புதுப் பெடியன் பதினைந்து நிமிடம் முந்தி வந்தான். ஒழுங்கை முகப்பில் நின்றபடி ஹோர்ன் அடித்தான். மகள் ஒரு காலில் சொக்ஸும் மற்றக் காலில் வெறும் சப்பாத்துமாக ஓடினாள். பள்ளிக்கூடக் கேற் இன்னும் திறக்கவில்லையாம். தகுதிச் சுற்று என்றால் அவனுக்குத்தான் முதல் இடம். பின்னேரம் வந்து, "குணம் மாமா இனி வரமாட்டாரோ அப்பா?" என்று கேட்டு அழுதாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வடை தின்றுகொண்டே ஒருவரின் பிழைப்பில் கை வைத்திருக்கிறேன்.

சாடையால் வந்த வினையைச் சாடையால்தான் தீர்க்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை ஜெயந்தனை அனுப்பிக் குணம் அண்ணையைக் கூட்டிவரச் செய்தேன். வந்தார். கதவோரக் கதிரையில் இருந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, டிவியைப் பார்த்துத் தொடங்கினேன்.

"என்ன இருந்தாலும் அனுபவம் அனுபவம்தான். வேகமா ஆரும் ஓடலாம், பத்திரமாக் கொண்டுவந்து சேர்க்கிறவன் வேணும். பிந்தினது அவரின்ரை பிழையில்லை. பட்டரி பழுது."

"பட்டரி பழுதெண்டு உனக்கு ஆரடா சொன்னது?" என்றான் ஜெயந்தன். நண்பன்.

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே பழைய சாம்பியன் முதல் கட்டத்திலேயே வெளியேறினார். குணம் அண்ணை திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இனி அவர் சீட்டை விடத்தான் வேணும் தம்பி. அதுதான் மரியாதை."

"விடக்கூடாது அண்ணை" என்றேன். "என்ரை பிள்ளை ஒரு கிழமையா அழுறாள்."

ஜெயந்தன் வடைத் தட்டை அவர் பக்கம் தள்ளினான். குணம் அண்ணை ஒரு வடையை எடுத்து, உடைத்து, பாதியை வாயில் போட்டார். சாவகாசமாக மென்றார்.

"புதுப் பட்டரி போட்டிட்டன். திங்கள் ஏழு மணிக்குப் பிள்ளையைக் கேற்றடியில நிக்கச் சொல்லு."

திங்கட்கிழமை ரிவர்ஸில் வந்தார். ஏழு பத்துக்கு. "இண்டைக்கு வெய்யில் நேரத்தோட ஏறிட்டுது அண்ணை" என்று சொல்ல வாயெடுத்தேன் —

பின்னாலிருந்து மனைவி கிள்ளினாள்.