ஃபிளாஸ்க்கில் இருந்தது யார்

எங்க லேப்ல சீனியர் அக்கா ஒருத்தங்களுக்கு ஆயான்னு பேரு. காப்பகத்துல பிள்ளைங்களைப் பார்த்துக்கிற மாதிரி செல் வளர்க்கிற ஃபிளாஸ்க்குகளுக்குத் தீனி போட்டுப் பார்த்துக்குவாங்க. ரத்தப் புற்றுநோய் வந்தவங்க ரத்தத்துல இருந்து செல்லைப் பிரிச்சு வளர்க்கிற வேலை. முக்காவாசி பிழைக்காது. உடம்புக்குள்ள அந்த ஆட்டம் ஆடினது, ஃபிளாஸ்க்குக்கு வந்ததும் பொசுக்குன்னு போயிடும். திமிரைப் பாருங்க.

ஒரு பொண்ணோட செல் மட்டும் பிழைச்சுது. பொண்ணு பிழைக்கல. அவ அப்பா பஸ் டிரைவர். ஒருநாள் லேப் வாசல்ல வந்து நின்னு, பார்க்கணும்னார். ஆயா மைக்ராஸ்கோப்ல காட்டினாங்க. "பெருகிட்டே இருக்காண்ணே"ன்னு வேற சொல்லி வெச்சாங்க. அப்புறம் மாசாமாசம் வந்துட்டார். குனிஞ்சு பார்த்துக்கிட்டே, "புது வண்டின்னு ஓட்டை வண்டியைத் தலையில கட்டிட்டாங்கம்மா"ன்னு மககிட்ட பேசுற மாதிரி மெதுவா பேசுவார். எனக்குக் கடுப்பா இருக்கும். இது லேப்பா, கல்லறையான்னு கேட்டிருக்கேன்.

வேற லேப் அந்தச் செல்லைக் கேட்டுச்சு. அனுப்புறதுக்கு முன்னாடி யாரோடதுன்னு சோதிக்கணும். சோதிச்சா, ஆம்பளைன்னு வந்துச்சு. பக்கத்துத் தட்டுல வெச்சிருந்த பழைய செல் ரகம். நாங்க பிறக்கிறதுக்கு முன்னாடியே செத்துப்போன யாரோ ஒருத்தரோடது. அது ஒரு சொட்டு விழுந்தா போதும், ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதைதான்.

"அவர் வெளியே காத்திருக்காரேன்னு ஒருநாள் அவசரத்துல ரெண்டு ஃபிளாஸ்க்குக்கும் தீனி விட ஒரே பைப்பெட்டைப் போட்டுட்டேன்டி"ன்னாங்க ஆயா.

"சொல்லாதீங்கக்கா. அவருக்கு என்ன தெரியப் போகுது?"

"உன் பிள்ளைன்னு சொல்லி ஊரான் பிள்ளையைக் காட்டச் சொல்றியா?"

அடுத்த மாசம் அவர் வந்தப்போ உட்கார வெச்சு எல்லாத்தையும் சொன்னாங்க. மன்னிச்சிடுங்கன்னாங்க. அவர் கத்துவார்னு நான் கதவுகிட்டயே நின்னேன். கத்தல.

"அப்போ என் பொண்ணு எப்போ போனா?"

"தெரியலண்ணே. கொஞ்சம் கொஞ்சமா போயிருப்பா. நாங்க கவனிக்கல."

மைக்ராஸ்கோப்பையே பார்த்துட்டிருந்தார். "மொத தடவை போனப்போ கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்"னார்.

அப்புறம் அவர் வரல. அந்த ஃபிளாஸ்க்கை அழிக்கணும். ஆயாவுக்குக் கை வரல, நான்தான் ப்ளீச் ஊத்தினேன். அதுல அந்தப் பொண்ணு ஒரு துளிகூட இல்லைன்னு எனக்கு நல்லாத் தெரியும். இருந்தும், "பாப்பா, கண்ணை மூடிக்கோ"ன்னு வாய்விட்டுச் சொல்லிட்டேன்.