வதனியின் மூக்கும் மூன்று லென்ஸ்களும்

போன மாதம் ஒரு மாலை, வெள்ளவத்தைக் கடற்கரையில் எனது 135 மில்லிமீட்டர் லென்ஸ் ஓர் இராணுவச் சிப்பாயின் கைக்குப் போய்விட்டது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பக்கத்தில் பட்டுச்சேலையும் பூவுமாக ஒரு பெண், அவளுடைய அண்ணன்.

இந்த யுத்த காலத்தில் இவ்வளவு நீளமான லென்ஸோடு யாராவது கடற்கரைக்குப் போவார்களா? நான் போனேன். காரணம் ஒரு மூக்கு.

அண்ணன் சிவநேசன் என் நண்பர். தங்கை வதனிக்கு ரொறன்ரோ மாப்பிள்ளை ஒருவரைப் பேசி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே ஒரு லொட்ஜில் தங்கியிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் படம் முதலிலேயே வந்துவிட்டது - சிவப்புக் கார் ஒன்றோடு. பெண்ணின் படம் போகவேண்டும். ஸ்டூடியோப் படம் விறைப்பாக இருக்கும், நானே எடுக்கிறேன் என்று முந்திக்கொண்டவன் நான்தான்.

லொட்ஜ் அறையில் இரண்டு கட்டில், மூன்று சூட்கேஸ். பின்னால் நகர இடமில்லை. ஆகவே 28 மில்லிமீட்டர் 'வைட் ஆங்கிள்' லென்ஸைப் பூட்டி, வதனியின் முகத்துக்கு ஓர் அடி தூரத்தில் நின்று எடுத்தேன்.

லென்ஸுக்குள் இருப்பவை வளைவான சில கண்ணாடிகள். வெளிச்சத்தை மடக்கி ஃபிலிமில் ஒன்றுசேர்ப்பது அவற்றின் வேலை. மில்லிமீட்டர் குறைந்தால் நிறைய இடம் அடங்கும். கூடினால் கொஞ்ச இடம்தான் அடங்கும். ஆனால் தூரத்தில் இருப்பது கிட்ட வரும். ஐம்பது நடுத்தரம், ஏறக்குறைய நம் கண் பார்ப்பதுபோல. நீட்டிச் சுருக்கும் 'சூம்' என்றும் ஒன்று உண்டு; என்னிடம் இல்லை. 28ஐ வைத்து முகத்தை எடுக்க மிகவும் கிட்டப் போகவேண்டும். போனால்? முன்னால் நிற்பது மூக்கு. அது வீங்கிவிடும், காதுகள் பின்வாங்கிவிடும்.

மூன்று கிழமையில் பதில் வந்தது. எல்லாம் பிடித்திருக்கிறது, ஆனால் வேறொரு படமும் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்று பவ்வியமாக எழுதியிருந்தார்கள். வதனி கடிதத்தை மடித்து வைத்தாள்.

"என்ர மூக்கு உண்மையா இப்பிடியோ, அண்ணை?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. நல்லதொரு மூக்கைக் கெடுத்தவன், ஒரு கல்யாணத்தையும் கெடுக்கப் போகிறேன். மேற்படி லென்ஸ் பாடத்தை அவளுக்கு முழுவதுமாக நடத்தினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பரிகாரம் 135தான். ஏழெட்டு அடி தள்ளி நின்றால் முகம் முகமாக வரும். தள்ளி நிற்க இடம்? மொட்டைமாடியைக் கேட்டோம். மாடியில் ஒருவன் நீளக் குழாயோடு நின்றால் முதலில் தன்னைத்தான் ஜீப்பில் ஏற்றுவார்கள் என்று லொட்ஜ் முதலாளி கைகூப்பினார். நியாயமான பேச்சு. மிஞ்சியது கடற்கரை.

அங்கேதான் இந்தச் சிப்பாய். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு எல்லாம் பார்த்து முடித்து, இதில் எவ்வளவு தூரம் தெரியும் என்று சிங்களத்தில் கேட்டார். கனடா, கல்யாணம், மூக்கு என்று என் அரைகுறைச் சிங்களத்தில் விளக்கினேன். அவர் முகத்தில் அசைவில்லை. லென்ஸைக் கழற்றித் தரச் சொன்னார். கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, அதனூடாகக் கடலைப் பார்த்தார். பிறகு வதனியைப் பார்த்தார்.

தள்ளிப் பிடித்துப் பார்த்தால் தனி லென்ஸ் தூரத்தில் இருப்பதைத் தலைகீழாகத்தான் காட்டும். கமராவுக்குள் இருக்கும் கண்ணாடிகள்தான் அதை நமக்கு நிமிர்த்தித் தருகின்றன. இதைச் சொல்ல என் சிங்களம் போதாது. அவர் கண்டது மேலே கடல், கீழே வானம், நடுவில் தலைகீழாக ஒரு பட்டுச்சேலை.

"மேக்க நரக்வெலானே, அய்யே," என்றார். பழுதாகிப்போன சாமானாம். குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. லென்ஸைத் திருப்பித் தந்து, ஐந்து நிமிடத்தில் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

உலகத்தைத் தலைகீழாகக் காட்டினால் ஆபத்தில்லை. எங்கள் பத்திரிகைகள் தணிக்கையைத் தாண்டி இன்னும் வெளிவருவதும் அதனால்தானோ...

படம் வடிவாக வந்தது. போன சனிக்கிழமை ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி: பெண்ணைப் பிடித்துவிட்டது, நாள் பார்க்கலாம். சிவநேசன் கேக் வாங்கி வந்தார். எனக்குப் பெரிய நிம்மதி. வதனி மட்டும் கேக்கைத் தொடாமல், மாப்பிள்ளையின் படத்தை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"இது எந்த லென்ஸில எடுத்தது, அண்ணை?"

பார்த்தேன். படத்தில் பாதி காரின் முன்பக்கம். மாப்பிள்ளை அதற்குப் பின்னால், கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமாக, சுண்டுவிரல் அளவு. வைட் ஆங்கிள்தான், சந்தேகமில்லை. சொன்னேன்.

"அப்ப இன்னொரு படம் அனுப்பச் சொல்லுங்கோ. அதைப் பாத்திட்டு நானும் முடிவு சொல்லுறன். கார் வேண்டாம்."

கடிதம் போய்விட்டது. சிவநேசன் என்னோடு கதைப்பதில்லை.