தையல்காரம்மா தேர்ந்தெடுத்த தரை

தையல்காரம்மாவோடு துணிக்கடைக்குப் போக யாரும் துணிவதில்லை. கடைக்காரர் எவ்வளவு விரித்துக் காட்டினாலும் அவள் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால்தான் ஓய்வாள். அப்படிப்பட்டவள் வீட்டு முன்வாசலுக்கு அலங்காரக் கான்கிரீட் போட ஆள் தேடினால் சும்மா விடுவாளா?

படியிலிருந்து கேட் வரை பதினெட்டடி. முழுக்க வழவழப்பான டைல்ஸ். எட்டு மாதத்துக்கு முன் அவள் கழுவிவிட்ட ஈரத்தில் கணவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனிதர். எலும்பு கூடிவிட்டது, தாராளமாக நடக்கலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அவரோ படியைத் தாண்டமாட்டேன் என்று வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தார். கழுவிவிட்டது நீதானே என்று ஒருநாளும் அவளைக் குத்திக்காட்டவில்லை. அதுதான் அவள் மனதை அரித்துக்கொண்டிருந்தது.

ஈரக் கான்கிரீட்டில் அச்சு அழுத்தி, கல் பாவியதுபோல் காட்டும் வேலை அது. முதலில் அவள் தம்பி பிடித்துக் கொடுத்த கான்ட்ராக்டர் வந்தார். செல்போனில் நூறு படம் காட்டினார். எல்லாம் வேலை முடிந்த அன்றே எடுத்தவை. நாலைந்து வருடம் ஆன தரை ஒன்றைக் காட்டச் சொன்னதும் பேச்சை மாற்றினார். அவர் கொண்டுவந்த மாதிரிப் பலகையில் அவள் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றி வெறுங்காலை வைத்தாள். சர்ரென்று போனது. தண்ணீர் ஊற்றினால் எந்தத் தரைதான் வழுக்காது என்று சிரித்தார் அவர். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாவது ஆளுக்கு அவ்வளவு வாய் கிடையாது. நேராக, தான் ஐந்து வருடத்துக்கு முன் வேலை செய்த வீட்டுக்கு அழைத்துப் போனார். அந்த வீட்டம்மா அவரைக் கண்டதுமே பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். மூலையில் விரிசல்! கான்கிரீட் கண்டபடி விரியாமலிருக்க இடையிடையே கோடு வெட்டிவிட வேண்டும், அந்த மூலையில் விட்டுப்போனது தன் தப்புதான் என்று அவர் தலையைச் சொறிந்தார். திட்டி முடித்த வீட்டம்மா, அதற்காக வருடாவருடம் அவரே வந்து சரிபார்த்துவிட்டுப் போகிறார் என்பதையும் சொன்னாள்.

போயும் போயும் இதையா காட்டுவீர்கள் என்று தையல்காரம்மா கேட்டாள்.

"நல்லா வந்ததை யார் வேணா காட்டுவாங்கம்மா. கெட்டுப்போனா நான் என்ன பண்ணுவேன்னு உங்களுக்குத் தெரிய வேணாமா?"

அங்கேயும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். மேல்பூச்சில் பொடிமணல் கலந்திருந்ததால் கால் பிடித்து நின்றது. அவளுக்கு அப்போதே பாதிப் பாரம் இறங்கிவிட்டது.

வேலையை அவருக்கே கொடுத்தாள். அது நடந்த நாட்களில் கணவர் ஜன்னலில் உட்கார்ந்து, தண்ணீர் ஓட வாட்டம் சரியில்லை, கோடு கோணல் என்று அதிகாரம் பண்ணினார். கான்ட்ராக்டர் எல்லாவற்றுக்கும் "சரிங்கய்யா" போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

தரை நன்றாக இறுகி, மேல்பூச்சும் காய்ந்த பிறகு ஒரு காலையில் தையல்காரம்மா அதைக் கழுவிவிட்டாள். நிமிர்ந்தால், கணவர் படியில் நிற்கிறார். ஓடிப்போய்க் கையை நீட்டினாள்.

"கையை எடு. போய் கேட்டைத் திற."

ஈரத்தின் மேலேயே, ஒவ்வோர் அடியாக, பதினெட்டடியும் நடந்து வந்தார். கேட்டுக்கு வந்தும் நிற்கவில்லை. எங்கே போறீங்க என்று கேட்டாள்.

"முடி வெட்டிக்கிட்டு வர்றேன்" என்றார். தெருவில் நாலடி போய்த் திரும்பிப் பார்த்தார்.

"நான் வர்றதுக்குள்ள காஞ்சிடும். இன்னொரு வாளி ஊத்தி வை."