கூடையில் இறங்கிய வானொலி

பலேர்மோ நகரத்தின் பழைய பகுதியான அல்பெர்கேரியாவில் நாங்கள் இருந்தது இரண்டாம் மாடி. எங்களுக்கு நேர் மேலே எரித்திரியாவிலிருந்து வந்த அன்ரி ஒருவர் தனியாக இருந்தார். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து உருப்படியான வானொலி ஒன்றுதான் இருந்தது. அது அன்ரியுடையது. மாலையானதும் அவர் அதைக் கயிறு கட்டிய கூடையில் வைத்துத் தன் பல்கனியிலிருந்து எங்கள் பல்கனிக்கு இறக்குவார். அந்த ஒழுங்கையில் எல்லாரும் பாணும் தக்காளியும் அப்படித்தான் வாங்கினார்கள். கூடையில் யுத்தத்தை வாங்கியவர்கள் நாங்கள் மட்டுந்தான்.

எங்களிடமும் ஒரு பெட்டி இருந்தது. அதில் பந்தாட்டமும் காதல் பாட்டும் நன்றாகக் கேட்கும். லண்டனிலிருந்து வரும் தமிழ்ச் செய்தி மட்டும் எடுபடாது. அன்ரியின் வானொலி பெரியது, சிற்றலையில் உலகம் முழுவதையும் பிடிக்கக்கூடியது. அவருடைய பழைய எசமானி வீடு மாறிப் போனபோது விட்டுச் சென்றது. உடன்பாடு என்னவென்றால், முதலில் எங்கள் செய்தி, கால் மணித்தியாலம். அது முடிந்ததும் அப்பா கயிற்றை இரண்டு தரம் இழுப்பார். கூடை மேலே போகும். பிறகு அன்ரியின் நாட்டுப் போராளிகள் மலைகளுக்குள் இருந்து நடத்திய வானொலியை அவர் கேட்பார்.

இந்த உடன்பாட்டைப் பேசி முடித்தவள் நான்தான். அப்பா கடலுக்குப் போகவென்று மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அம்மா அந்த மூன்றையும் பார்க்கவில்லை. மன்னாரில் எங்கள் இரு பக்கத்துச் சொந்தத்திலும் ஒருவர்கூடப் பள்ளிப் படிப்பை முடித்ததில்லை. பலேர்மோவில் பள்ளிக்கூடம் போன நான், இத்தாலியனை டீச்சரே பாராட்டும் அளவுக்குப் பேசினேன். அன்ரியின் இத்தாலியன் என்னுடையதைவிட நல்லது. அஸ்மாராவில் இத்தாலியக் குடும்பம் ஒன்றில் வேலை செய்து, அவர்களோடேயே கப்பலேறி வந்தவர் அவர். ஆகவே அப்பாவுக்கும் அன்ரிக்கும் நடுவில் இருந்த பாலம் நான். பாலத்துக்குத் தலைக்கனம் கொஞ்சம் இருந்தது.

எதிர்ப் பல்கனியில், ஒழுங்கையே நொன்னோ, தாத்தா, என்று கூப்பிடும் இத்தாலியக் கிழவர் ஒருவர் எப்போதும் பனியனோடு உட்கார்ந்திருப்பார். இளம் வயதில் சிப்பாயாக அன்ரியின் நாட்டில் இருந்தவர். அந்த நாட்டை முதலில் இத்தாலிக்காரர் ஆண்டார்கள். பிறகு ஆங்கிலேயர் வைத்திருந்தார்கள். கடைசியில் பக்கத்து நாட்டோடு சேர்த்து விட்டுவிட்டார்கள். நொன்னோவுக்கு முதல் பகுதி மட்டும் நினைவிருந்தது. அன்ரியைக் கண்டால் விடமாட்டார்.

“உங்கடை மலைரோட்டெல்லாம் நாங்கள் போட்டது, தெரியுமோ?”

“தெரியும், நன்றி. திரும்பி வரேக்கை சுருட்டிக்கொண்டு வராமல் விட்டியளே, அதுக்கும் நன்றி” என்பார் அன்ரி.

செய்தி கேட்கும் முறை இரண்டு வீட்டிலும் இரண்டு விதமாக இருந்தது. நாங்கள் எங்கள் ஊரின் பெயர் வந்துவிடக்கூடாது என்று கேட்டோம். குண்டு விழுந்தால்தான், ஆட்கள் செத்தால்தான் எங்கள் மாதிரி ஊர்களின் பெயர் லண்டன் வரைக்கும் போகும். பெயர் வராமல் செய்தி முடிந்தால் அம்மா நெஞ்சில் சிலுவை போட்டுவிட்டு உலையை வைப்பார். அன்ரியோ தன் ஊரின் பெயர் வரவேண்டும் என்று கேட்டார். சின்னச் சின்ன ஊர்களாகப் பிடித்துக்கொண்டு போராளிகள் அஸ்மாராவை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். ஒரு ஊர் பிடிபட்டால் மேலே காலடி தடதடவென்று கேட்கும். அடுத்த நாள் கூடையில் வானொலியோடு எனக்கு மிட்டாயும் இறங்கும்.

தொண்ணூற்றோராம் ஆண்டு வைகாசியில் மிட்டாய் நின்றுபோனது. அஸ்மாராவைச் சுற்றி வளைத்துவிட்டார்கள், நகரத்துக்குள் பக்கத்து நாட்டு இராணுவம் நிறைந்திருக்கிறது, உள்ளே சாப்பாடு இல்லை. அன்ரியின் அம்மா அந்த நகரத்தில்தான் இருந்தார். அங்கே தொலைபேசித் தொடர்பு அறுந்திருந்தது. சந்தைக்குப் போகும் வழியில் அன்ரி எங்கள் கதவடியில் நின்று, “கடைசி நேரத்திலை ஊரைக் கொளுத்திப் போட்டுத்தான் போவாங்கள்” என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை.

அன்று மாலை, பல்லரோ சந்தைக்காரர்கள் மீன்தட்டுகளைக் கழுவித் தண்ணீரை ஒழுங்கையில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வானொலி எங்கள் மேசையில் இருந்தது. அப்பாவுக்கு மொண்டெல்லோக் கடற்கரை உணவகம் ஒன்றில் கோப்பை கழுவும் இரவு வேலை. பஸ்ஸுக்குப் போகச் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் நாள் செய்தியில் எங்களுக்கு அடுத்த ஊரின் பெயர் வந்திருந்தது. கரை முழுக்கச் செல்லடி என்றார்கள். அதனால் அம்மா இன்னும் உலை வைக்கவில்லை.

அந்த நேரம் வெறுங்கூடை ஒன்று மேலிருந்து வந்து எங்கள் பல்கனிக் கம்பியில் டங்கென்று மோதியது. அன்ரி குனிந்து நின்று, வானொலியை உடனே அனுப்பும்படி கத்தினார். கீழே காப்பிக் கடைக்கு ரோமிலிருந்து அன்ரியின் நாட்டுக்காரர் யாரோ போன் எடுத்தார்களாம். அஸ்மாராவைப் பற்றி இப்போது சொல்கிறார்களாம்.

“கால் மணித்தியாலம் பொறுக்கச் சொல்லு” என்றார் அப்பா.

சொன்னேன். மேலிருந்து வந்த பதில் நீளமாக இருந்தது.

“என்னவாம்?”

“தயவுசெய்து தரட்டாம்.”

“அவ்வளவு நேரம் கத்தினதுக்கு இவ்வளவுதானோ?” என்றார் அம்மா. வானொலி தன்னுடையது என்பதை நாங்கள் மறந்துவிட்டோமா என்று அன்ரி கேட்டதை நான் விழுங்கிவிட்டேன். பாலத்துக்கு அந்த அளவு அறிவு இருந்தது.

“என்ரை தம்பி அந்தக் கரையிலைதான் இருக்கிறான், பிள்ளை. அதையும் சொல்லு.” அப்பா மேலே பார்த்துக் கத்தினார். அன்ரி கீழே பார்த்துக் கத்தினார். நடுவில் கூடை ஆடியது. எதிரே நொன்னோ தன் நாற்காலியை இன்னும் முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பிறகு மேலே சத்தம் நின்றது. படிகளில் காலடி கேட்டது. அன்ரி எங்கள் கதவடியில் வந்து நின்றார், ஒரு காலில் மட்டும் செருப்பு. லண்டன் செய்தியின் தொடக்க இசை ஆரம்பித்துவிட்டது. அப்பா அவருடைய முகத்தைப் பார்த்தார். என்னைக் கேட்காமல், தனக்குத் தெரிந்த இத்தாலியனில் நேராகவே கேட்டார்.

“மம்மா?”

அன்ரி தலையை ஆட்டினார். அப்பா வானொலியை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

அன்ரி முள்ளை நகர்த்தினார். இரைச்சல், அரபுப் பாட்டு, மறுபடி இரைச்சல், அதற்கு அடியில் ஒரு ஆணின் குரல். குரல் வந்தது, அமிழ்ந்தது. அப்பா வானொலியின் பின்னால் தொங்கிய வயரை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய்த் தலைக்கு மேலே பிடித்தார். குரல் தெளிந்தது. கையை இறக்கினார், போய்விட்டது.

“இஞ்சேருங்கோ, அசையாதையுங்கோ!” என்றார் அம்மா.

தன் செய்தியை விட்டுக்கொடுத்த மனிதர் அடுத்தவர் செய்திக்காக ஒற்றைக் கையை உயர்த்தியபடி நின்றார். கீழே போன மீன்காரர் ஒருவர், தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று எண்ணிப் பதிலுக்குக் கையாட்டினார். அப்பாவால் திரும்ப ஆட்ட முடியவில்லை.

அந்த மொழி எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது என்பது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. நாங்கள் அன்ரியின் முகத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். அஸ்மாரா என்ற சொல் வந்தது. மறுபடி வந்தது. அன்ரி இரண்டு கைகளாலும் மேசையைப் பிடித்தார். பிறகு வாயைத் திறந்து, நாக்கை அதிரவிட்டு, ஒரு சத்தம் எழுப்பினார். அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஒழுங்கையின் எல்லாக் கதவுகளும் திறந்தன.

“ஆர் செத்தது?” என்று நொன்னோ எழுந்து நின்று கத்தினார்.

அன்ரி பல்கனிக்கு ஓடினார். “ஒருத்தரும் சாகேல்லை! ஊர் முழுசா இருக்கு! ஒரு வீடும் எரியேல்லை! சண்டை முடிஞ்சுது!”

நொன்னோ மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். “அப்ப ரோட்டும் இருக்கும்” என்றார்.

அன்ரி சிரித்தார், அழுதார், அப்பாவைக் கட்டிப் பிடித்தார். அப்பாவின் கை இன்னும் மேலேதான் இருந்தது, இறக்க மறந்துவிட்டார். அம்மா ஓடி வந்து அந்தக் கையை இறக்கி விட்டார். அன்ரியின் அம்மாவின் குரல் சில வாரம் கழித்துத்தான் காப்பிக் கடைப் போனில் வந்தது. உயிரோடு இருந்தார், மகள் ஏன் இத்தனை நாள் போன் எடுக்கவில்லை என்று ஏசுகிற அளவுக்கு நலமாகவும் இருந்தார். அதுவரை பொறுக்க அன்று கேட்ட செய்தி அன்ரிக்குப் போதுமாயிருந்தது.

அப்பா முள்ளைத் திருப்பிப் பார்த்தபோது எங்கள் கால் மணித்தியாலம் முடிந்து வேறு ஏதோ மொழியில் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸும் போய்விட்டது. “எங்கடை ஊர்ப் பேர் வந்திருக்காது” என்று அம்மா தானே தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுப்பை மூட்டினார். அவர் சொன்னது சரிதான். அடுத்த நாளும் வரவில்லை. சித்தப்பாவும் நன்றாகத்தான் இருந்தார்.

அன்று எங்கள் குசினியில் சோளப்பொரி வெடித்தது. தங்கள் ஊரில் நல்ல நாளுக்கு அதுதான் என்று அன்ரி தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து வறுத்தார். அம்மா கட்லட் பொரித்தார், தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார். அம்மாவை அவ்வளவு சந்தோசமாக நான் பலேர்மோவில் கண்டதில்லை. “பாத்தியளே, அவையளுக்கு முடிஞ்சுது. எங்களுக்கும் வாற வரியம் முடிஞ்சிடும். இவளை அங்கையே பெரிய பள்ளிக்கூடத்திலை சேப்பம்” என்று அடுப்பைப் பார்த்தபடி சொன்னார். நான் அதை அன்ரிக்கும் இத்தாலியனில் சொன்னேன்.

அப்பா கட்லட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு, எண்ணெய் பொரிகிற சத்தத்துக்கு அடியில் மெதுவாக, “பிள்ளை, அவையள் எவ்வளவு காலம் சண்டை பிடிச்சவை எண்டு கேள்” என்றார்.

கேட்டேன். “முப்பதாம், அப்பா” என்றேன் நானும் மெதுவாக.

“மாசமோ?”

“வருசம்.”

“வடிவாக் கேள்.”

எனக்குக் கோபம் வந்தது. டீச்சர் பாராட்டும் என் இத்தாலியனை என் அப்பாவே நம்பவில்லை. மறுபடி கேட்டேன். அன்ரி பொரியைக் கீழே வைத்துவிட்டு, பத்து விரல்களையும் விரித்து மூன்று தரம் காட்டினார். அப்பா அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னவாம்? மூண்டு தரம் கையை விரிச்சுக் காட்டுறா?” என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அப்பா முந்திக்கொண்டார். “தேத்தண்ணிக்கு மூண்டு கரண்டி சீனி வேணுமாம்.”

“ஐயோ, அவவுக்குச் சீனி வருத்தமெல்லோ!”

“இண்டைக்கு மட்டும் போடட்டாம்.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்பா பொய் சொல்லிப் பிடிபடாமல் போனதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். அம்மா மூன்று கரண்டியும் குவித்துப் போட்டு ஆற்றிக் கொடுத்தார். அன்ரி ஒரு வாய் குடித்தார். கோப்பையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அடுப்படியில் இன்னமும் வருகிற வருசத்தைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்த அம்மாவையும் பார்த்தார். பிறகு அடிவரைக்கும் குடித்து முடித்தார்.

“சீனி கூடாதெல்லோ?” என்று நான் இத்தாலியனில் மெல்லக் கேட்டேன்.

“இண்டைக்குப் பரவாயில்லை” என்றார்.

நல்ல நாள் என்பதால்தான் அப்படிச் சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டு, நான் மிச்சப் பொரியைத் தின்னப் போய்விட்டேன்.