மாடி வீட்டு நாடகம்

மேடை கிடைக்காததால்தான் நாங்கள் மேடை வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தோம். பிறகு என் கணவர் அதையே ஒரு கொள்கையாக்கிவிட்டார். பார்ப்பவனும் நடிப்பவனும் ஒரே தரையில் நிற்க வேண்டும், ஜனங்கள் புழங்குகிற இடத்தில்தான் நாடகம் நடக்க வேண்டும் என்று எங்களைத் தேடி வருகிறவர்களிடமெல்லாம் பேசுவார். காஞ்சிபுரத்தில் இருந்த அரங்குகளைக் கச்சேரிக்கும் கட்சிக் கூட்டத்துக்கும்தான் கொடுப்பார்கள், எங்களுக்குத் தரமாட்டார்கள் என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

நாங்கள் நாலு பேர். என் கணவர் எழுதி இயக்குவார். நானும், பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்த ஒரு நண்பரும் நடிப்போம். கல்யாண வீடுகளுக்கு சீரியல் செட் விளக்கு கட்டுகிற ஒருவர் எங்களுக்கு விளக்குப் பார்த்துக்கொண்டார். பகலில் நான் காந்தி ரோட்டில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் பில் போடும் வேலையில் இருந்தேன்.

ஆடி மாதத்தில் கல்யாணம் இல்லாமல் சும்மா கிடந்த ஒரு மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு நாடகம் போட்டோம். வந்தவர்களைப் பந்தியில் உட்காரவைத்து, இலை போட்டு, தண்ணீர் தெளித்து, கடைசிவரை எதுவும் பரிமாறவில்லை. அதுதான் நாடகம். முடிந்த பிறகும் ஒருவர் எழுந்திருக்கவில்லை. சாப்பாடு இனிமேல்தான் வரும் என்று நினைத்தாராம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் இன்னொன்று போட்டோம். நிறுத்தியிருந்த வண்டியை எடுக்க முடியாமல் நின்றவர்களும் பார்வையாளர்களானார்கள். அதெல்லாம் சந்தோஷமான காலம்தான். அதை நான் மறுக்கமாட்டேன். பசியோடு வீட்டுக்கு வந்து, நாலு பேரும் தரையில் உட்கார்ந்து உப்புமா தின்றுகொண்டு, யார் எங்கே வசனத்தை விட்டார்கள் என்று சிரித்துக்கொண்டிருப்போம்.

எனக்குக் குழந்தை உண்டானபோது நடிப்பதை நிறுத்திக்கொண்டேன். முசரவாக்கம் போகிற வழியில் ஓடாமல் கிடந்த ஒரு அரிசி மில்லில் அவர்கள் அடுத்த நாடகத்துக்குத் தயாரானார்கள். எனக்குப் பதிலாக அவரே முகத்தில் மாவு பூசிக்கொண்டு நடிப்பதாக இருந்தது. நான் போகவில்லை. ஐந்தாவது மாதம். நாடகத்தன்று மத்தியானம், அது தொடங்குகிற நேரத்தில், எனக்கு உதிரம் போக ஆரம்பித்தது. அவருடைய போனுக்கு அடித்தேன். அணைந்திருந்தது. நாடகம் தொடங்குவதற்கு முன்னால் எல்லாருடைய போனையும் அணைத்து ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட வைப்பது அவர் வழக்கம். முதலில் தன்னுடையதைப் போடுவார்.

நாங்கள் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்கார அம்மாவின் குடும்பம். நான் படியில் இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அந்த அம்மாதான் ஓடிவந்தார். ஆட்டோவில் என்னை மடியில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவர் அவர். "கண்ண மூடாத மா. என்ன பாத்துக்கினே இரு, என்ன பாரு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

குழந்தை தங்கவில்லை.

என் கணவர் வந்தபோது இருட்டிவிட்டிருந்தது. முகத்தில் பூசிய மாவைக்கூட அவர் கழுவவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் அவரைப் பார்த்துக் கேட்டேன்:

"எத்தினி பேரு வந்தாங்க?"

எதற்காக அப்படிக் கேட்டேன் என்று இன்றைக்கும் எனக்கு முழுதாகத் தெரியாது. அவர் ஏதாவது சொல்லி அழுவார் என்று நினைத்திருக்கலாம். ஆனால் அவர் பதில் சொன்னார்.

"நாப்பது பேரு. எடம் பத்தாம நின்னுக்கினு பாத்தாங்க."

அதன் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் கடைக்குப் போனேன். அவர் அடுத்த இடத்தைத் தேடினார். அரிசி மில்லை இடித்து மனை போட்டுவிட்டார்கள். இவர் மறுபடி கேட்கப் போனபோது மண்டபத்துக்காரர், இலை போட்டுச் சோறு போடாதது அபசகுனம் என்று கல்யாண வீட்டார் பேசிக்கொள்வதாகச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார். சில மாதங்கள் இப்படியே போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் காபி டம்ளரோடு வந்து, "எடம் கெடச்சிடுச்சு" என்றார்.

"எங்க?"

"இங்கதான். நம்ம வீடு."

பார்வையாளர்கள் படியேறி வருவார்கள். முன்னறையில் ஒரு காட்சி, சமையலறையில் ஒரு காட்சி, கடைசிக் காட்சி படுக்கையறையில். அவர்கள் கூடவே நடந்து வருவார்கள். ஒரு கணவன், ஒரு மனைவி. அவ்வளவுதான் நாடகம். ஓவிய ஆசிரியர் கணவனாகவும் நான் மனைவியாகவும் நடிப்பதாக ஏற்பாடு.

முன்னறையில் உட்கார்ந்து முதல் தடவை வாசித்தோம். கரன்ட் பில் சண்டை வந்தது. என் அம்மா வந்துபோன அன்றைக்கு நடந்த சண்டை வந்தது. நான் அவரிடம் சொன்னதெல்லாம் சொன்ன மாதிரியே இருந்தது. ஓவிய ஆசிரியர் தலை நிமிராமல் வாசித்தார். கடைசிக் காட்சிக்கு வந்தபோது என் வசனம் இருந்தது. "எத்தினி பேரு வந்தாங்க?"

நான் தாள்களைக் கீழே வைத்தேன்.

"இத்த எப்படி எழுதின நீ?"

"யார் பேரும் போடலையே. யாரோ ஒருத்திதான்" என்றார் அவர்.

"யாரோ ஒருத்தி என் கட்டில்ல படுத்துக்கினு இருப்பாளா?"

அவர் கோபப்படவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நான் எழுதினதுலயே நல்ல வரி அதுதான் பா" என்றார். அதை அவர் எழுதவில்லை என்பது அவருக்கே அந்த நேரத்தில் தோன்றவில்லை. நான் நடிக்க ஒப்புக்கொண்டேன். நாலு பேர் முன்னால் அந்த வரியைச் சொன்னால் அவர் காதில் அது ஒரு தடவையாவது விழும் என்று நினைத்தேன்.

சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வாசலில் செருப்பு குவிந்து கிடந்தது. கீழே வீட்டுக்காரர்களின் தறி ஓடிக்கொண்டிருக்கும். அதை நிறுத்தச் சொல்ல முடியாததால் அந்தச் சத்தத்தையும் நாடகத்தில் சேர்த்துக்கொண்டார். வீட்டில் எதை வேண்டுமானாலும் தொட்டுப் பார்க்கலாம் என்று அவர் அறிவித்திருந்தார். நான் சமையலறையில் நின்று வசனம் பேசிக்கொண்டிருக்கும்போது என் பருப்பு டப்பாவைத் திறந்து பார்த்தார்கள். ஒருவர் ஃபிரிட்ஜைத் திறந்து நேற்றைய குழம்பை மோந்து பார்த்தார். ஒரு பெண் பீரோவைத் திறந்து என் சேலைகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கட்டிலில் படுத்துக்கொண்டு நான் அந்த வரியைச் சொன்னபோது தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றன. பிறகு கை தட்டினார்கள். என் கணவர் கதவோரம் நின்று அவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

இரண்டாவது வாரம் வீட்டுக்கார அம்மாவும் வந்து பார்த்தார். எல்லாரும் இறங்கிப் போகும்வரை காத்திருந்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நீ அழுவுறது நெசமா, நடிப்பா?"

"தெரியல மா."

"இத்தப் போயி ஊருக்கெல்லாம் ஏன் சொல்லிக்கினு இருக்கற?" என்றவர், "ஆட்டோல தூக்கிக்கினு போனது நானு. இவுரு கதையில என்னக் காணோமே" என்றார்.

அது வரைக்கும் எனக்கும் அது உறைக்கவில்லை. நாடகத்தில் அந்த மனைவி தனியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். யாரும் இல்லாமல் போனால்தான் பார்க்கிறவர்களுக்கு வலிக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நான் கேட்டபோதும் அதையேதான் சொன்னார்.

அதற்கப்புறம் அவர் என்னைத் திருத்த ஆரம்பித்தார். நான் அந்த வரியைக் கோபமாகச் சொல்கிறேனாம்.

"சாதாரணமா கேளு. வந்தவங்களுக்குக் காபி வேணுமான்னு கேக்கற மாதிரி."

"நான் அப்படிக் கேக்கல."

"அப்படித்தான் கேட்ட. நான் அங்கதான இருந்தேன்."

"நீ கடைசிலதான் வந்த."

ஓவிய ஆசிரியர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். அவர் திரும்பி வருகிறவரை நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அந்த வாரக் கடைசியில் நாடகத்தில் நான் அந்த வரியைச் சொல்லவில்லை. ஓவிய ஆசிரியர் மாவு பூசிய முகத்தோடு கட்டில் பக்கத்தில் வந்து நின்றார். நான் அவரைத் தாண்டிக் கதவோரம் நின்ற என் கணவரைப் பார்த்துக் கேட்டேன்:

"போன ஏன் எடுக்கல?"

ஓவிய ஆசிரியருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வந்தவர்கள் எல்லாரும் என் பார்வை போன பக்கம் திரும்பி என் கணவரைப் பார்த்தார்கள். அவர் சுவரோடு ஒண்டிக்கொண்டார். நான் இன்னொரு தடவை கேட்டேன். யாரோ ஒருவர் கை தட்ட, மற்றவர்களும் சேர்ந்து தட்டினார்கள். பிரமாதமான முடிவு என்று படியிறங்கும்போது ஒருவர் அவரிடம் கை குலுக்கிவிட்டுப் போனார்.

எல்லாரும் போனதும் அவர் உள்ளே வந்தார்.

"கெடுத்துட்ட."

"கேள்விதான கேட்டேன். பதில் சொல்லு."

"அது ஸ்கிரிப்ட்ல இல்ல."

இதை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு நிற்க நேரமாயிற்று.

எனக்குப் பதிலாக சென்னையிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார். நல்ல பெண். என்னை அக்கா என்று கூப்பிட்டாள். எங்கள் ஊர்ப் பேச்சு அவள் வாயில் வரவில்லை. "அக்கா, 'வந்துக்கினு'ல எந்த இடத்துல அழுத்தணும்?" என்று கேட்பாள். நான் சொல்லிக் கொடுத்தேன். பிறகு தயங்கித் தயங்கி, "சார் உங்க நைட்டியையே போட்டுக்கச் சொன்னாரு. தருவீங்களா?" என்றாள். துவைத்து மடித்து வைத்திருந்ததைக் கொடுத்தேன். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

நாடக நாட்களில் நான் வீட்டில் இருக்கக் கூடாது. பார்க்கிறவர்களுக்குக் குழப்பமாக இருக்குமாம். கீழே வீட்டுக்கார அம்மாவோடு உட்கார்ந்திருப்பேன். தலைக்கு மேலே காலடிகள் முன்னறையிலிருந்து சமையலறைக்கும் அங்கிருந்து படுக்கையறைக்கும் போகும். பிறகு எல்லாம் அடங்கும். அந்த இடத்தில் என்ன வரி என்று எனக்குத் தெரியும். முதல் நாள் கைதட்டல் வந்தபோது நான் மேலே நிமிர்ந்து பார்த்தேன். அடுத்த வாரத்திலிருந்து காலடிகள் படுக்கையறைக்குப் போனவுடன் அந்த அம்மா டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தார். ஒரு கிண்ணத்தில் பொரியும் கடலையும் போட்டு என் பக்கம் நகர்த்தினார்.

வெளியூரில் ஒரு நாடக விழாவுக்கு அழைப்பு வந்தது. அங்கே மேடையிலேயே எங்கள் வீட்டைக் கட்டிவிடுவதாக முடிவாயிற்று. நான் கடையிலிருந்து வந்தபோது கட்டில், பீரோ, சமையலறை ஸ்டாண்டு, சுவர்க் கடிகாரம் எதுவுமே இல்லை. சேலைகள் தரையில் ஒரு போர்வை மேல் அடுக்கியிருந்தன. பாத்திரங்கள் சுவரோரமாக வரிசையாக நின்றன. அடுக்கிவைத்தது ஓவிய ஆசிரியராகத்தான் இருக்கும். என் கணவருக்கு அந்தப் பொறுமை கிடையாது. ரெண்டே வாரத்தில் வந்துவிடும் என்றார். அந்த விழா முடிந்து இன்னொரு ஊர், அதற்குப் பிறகு வேறொரு ஊர். நான் போனில் கட்டிலைக் கேட்டபோது, "அது இப்போ செட் பிராப்பர்ட்டி மா. நாடகத்தோடது" என்றார்.

"அப்ப நான்?"

லைன் சரியில்லை, பிறகு பேசுகிறேன் என்றார்.

அவர் சென்னையிலேயே தங்கிவிட்டார். பிரிவதில் இரண்டு பேருக்கும் தகராறு இருக்கவில்லை. நீதிமன்றத்தில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் இளைத்திருந்தார். நாடகம் எப்படிப் போகிறது என்று கேட்டுவிடக் கூடாதே என்று நான் வாயை இறுக்க மூடிக்கொண்டிருந்தேன். என் வக்கீல் அதைத் துக்கம் என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

நான் அதே மாடியில்தான் இருக்கிறேன். அதே கடையில்தான் வேலை. போன தை மாதம் கல்யாணக் கூட்டம் நெரிந்துகொண்டிருந்த ஒரு காலையில், பில் போடும் இடத்தில் அந்தச் சென்னைப் பெண் வந்து நின்றாள். கூட அவளுடைய அம்மா. கூறைப் புடவை எடுக்க வந்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா… நீங்க இங்கதான் வேலை செய்றீங்கன்னு எனக்குத் தெரியாது."

"கல்யாணமா? நல்லா இரு மா" என்றேன்.

அவள் அம்மா உற்சாகமாக இருந்தார். மகள் நாடகத்தில் வாங்கிய பெயரைப் பற்றி என்னிடம் சொல்ல ஆரம்பித்தார். ஏதோ ஒரு ஊரில் நாடகம் முடிந்ததும் வயதான ஒரு பெண்மணி உள்ளே வந்து, இவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லையாம். இந்தச் சின்ன வயசில் உனக்கு எப்படியம்மா இதெல்லாம் தெரியும் என்று கேட்டு அழுதார்களாம்.

அவள், "அம்மா, போதும்மா" என்றாள்.

நான் அவளைப் பார்த்து, "நீ இன்னா சொன்ன?" என்று கேட்டேன்.

அவள் கவுன்டர் மேலிருந்த புடவைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"டைரக்டர் எழுதினதுன்னு சொன்னேன்க்கா."

அவள் வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று எனக்கும் தெரியவில்லை. புடவை அரக்கு நிறம், அவளுக்கு எடுப்பாக இருக்கும். அதைச் சொன்னேன். பில்லைக் கிழித்து அவள் அம்மா கையில் கொடுத்து, பெட்டியை வாங்கிக்கொள்கிற இடத்தைக் காட்டினேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பின்னால் நின்றவர்கள் இடித்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்கள்.